உடன்பிறந்த நீரிழிவு



நான் வைத்தியன் அல்லேன். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணி புரிந்துகொண்டு, போர்ட் கொச்சியில் குடியிருப்பவன். நீரிழிவைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். 22 ஆண்டுகளாக அந்நோயோடு வாழ்ந்து வருகிறேன். அது ஒரு தகுதி. அவற்றுள் முதல் 14 ஆண்டுகளை, எனக்கு வந்திருப்பது எந்த வகை நீரிழிவு என்பதை அறியாமலே கழித்தேன். அது இரண்டாவது தகுதி.

மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சொல்லைக் கேட்டால், அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. 'சகஜம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "அதெல்லாம் சகஜம்" என்று நாம் சொல்லும்பொழுது, வழக்கமாக நடப்பதுதான், கவலைப்பட ஒன்றுமில்லை என்று பொருள்படுகிறது. ஆனால் வடமொழியில் அச்சொல்லின் நேர்ப்பொருள் 'உடன் பிறந்தது' என்பதாகும். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக, "நம் வீட்டில் சர்க்கரை சகஜம்" என்று சொல்லி வந்தார்கள். இந்த வாக்கியம் இரண்டு பொருளிலும் சொல்லப்பட்டது. உடன்பிறந்தது என்ற பொருளில் அது முற்றிலும் உண்மை. கவலைப்பட ஒன்றுமில்லை என்ற பொருளிலோ, அதற்கு நாங்கள் கொடுத்த விலை பெரிது.

என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து, மிளகும் சுக்கும் ஏலமும் அடைத்து வைக்கும் பண்டகசாலை ஒன்றில் கணக்கெழுதியவர். அவருக்குச் சர்க்கரை இல்லை, பாட்டிக்கு இருந்தது. மெலிந்த தேகமுடைய பாட்டிக்கு முப்பது வயதுக்குள்ளேயே அது தோன்றிவிட்டதாம். என் தகப்பனாருக்கு 27-ஆம் வயதில் வந்தது. என் தமக்கைக்கு 22-ஆம் வயதில், முதற் பிரசவத்தின்போது கண்டார்கள். எனக்கு 24-ஆம் வயதில், வேலைக்குச் சேருமுன் செய்யும் தேகபரிசோதனையில் தெரியவந்தது. எங்களில் ஒருவரும் பருத்தவர் அல்லர். ஒருவரும் சோம்பியிருந்தவர் அல்லர். கல்யாண வீட்டில் பாயசத்துக்கு மறு கை நீட்டாதவர்களாகவே வளர்க்கப்பட்டோம். இருந்தும் நோய் வந்தது.

தகப்பனார் மாத்திரை சாப்பிட்டார். சில மாதம் சாப்பிடுவார், சில மாதம் விட்டுவிடுவார். "அம்மாவுக்கும் இருந்தது, அவர்கள் எழுபது வயது இருக்கவில்லையா?" என்பார். கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னபொழுதெல்லாம் சகஜம் என்ற ஒரே சொல்லால் பேச்சை முடித்துவிடுவார். 58-ஆம் வயதில் அவருடைய வலக்கண் பார்வை முற்றும் போயிற்று. பாட்டனாரைப் போலவே கணக்கெழுதிப் பிழைத்தவர், இறுதிக் காலத்தில் பத்திரிகைத் தலைப்பைக்கூட என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

இனி நோயின் இயல்பைச் சிறிது பார்ப்போம். கேரளத்தில் நீரிழிவு அபூர்வமான வியாதி அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பின் முடிவு 2023-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், கேரளத்தில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு இருப்பதாகவும் அது கூறிற்று. இவ்வளவு பெருங்கூட்டத்தில், வேறு வகையைச் சேர்ந்த சிலர் எளிதில் மறைந்துபோவார்கள். எங்கள் குடும்பம் மறைந்திருந்ததும் இந்தக் கூட்டத்தில்தான்.

மட்டாஞ்சேரிவாசி என்ற உரிமையில் பண்டகசாலையையே உவமையாகச் சொல்கிறேன். இன்சுலின் என்பது நம் வயிற்றிலுள்ள கணையத்தில் உண்டாகும் சரக்கு. முதல் வகை நீரிழிவில் பண்டகசாலையே அழிந்துபோகிறது. ஆகவே சரக்கை வெளியிலிருந்து ஊசி மூலம் கொண்டுவந்தே தீர வேண்டும். இரண்டாம் வகையில் சரக்கு புறப்படுகிறது. தேகம் அதைச் சரிவர வாங்கிக்கொள்வதில்லை. நாளடைவில் இருப்பும் குறைகிறது. நம்மில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது இந்த இரண்டாம் வகையே. இவ்விரண்டையும் தவிர மூன்றாவது ஒன்று உண்டு. அதில் பண்டகசாலை நிற்கிறது, சரக்கும் இருக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறியவுடன் "கதவைத் திற" என்று உள்ளே செய்தி சொல்ல வேண்டிய ஏற்பாட்டில் பிறவியிலேயே ஒரு பழுது. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்த ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த மாற்றமே அந்தப் பழுதுக்குக் காரணம்.

உடன்பிறந்த நீரிழிவு ஒன்று உண்டு என்பதை நம் முன்னோர் கவனித்திருக்கிறார்கள். சுசுருதருடைய நூல் நீரிழிவை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று தகாத உணவாலும் பழக்கத்தாலும் வருவது. அது பருத்த தேகமுள்ளவனுக்கு உரியது. மற்றொன்று சகஜம், அது பிறவியோடு வருவது, மெலிந்தவனுக்கு உரியது. இன்றைய பாகுபாட்டையே அவர் சொல்லிவிட்டார் என்று நான் வாதிக்க மாட்டேன். நோயாளியின் தேகத்தையும் பிறப்பையும் பார்த்து, இது எந்த வகை என்று கேட்கும் வழக்கம் மிகப் பழையது என்று மாத்திரம் சொல்வேன்.

தற்கால வைத்தியத்தில் இக்கேள்வி 1970-களில் தெளிவு பெற்றது. இங்கிலாந்தில் ராபர்ட் டாட்டர்சால் என்ற வைத்தியர், நீரிழிவு தலைமுறை தலைமுறையாக இறங்கிவந்த மூன்று குடும்பங்களைப் பற்றி 1974-ஆம் ஆண்டில் எழுதினார். அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்டீபன் ஃபஜான்ஸ், ஒரே ஒரு பெருங்குடும்பத்தை 1958-ஆம் ஆண்டு முதல் பல பத்தாண்டுகள் விடாமல் தொடர்ந்து கவனித்தார். 'இளைஞரிடம் தோன்றும் முதியோர் நீரிழிவு' என்று பொருள்படும் நீண்ட ஆங்கிலப் பெயரை இதற்கு இட்டார்கள், எம்.ஓ.டி.ஒய். என்று நான்கு எழுத்துகளால் சுருக்கி வழங்குகிறார்கள். 1990-களில் இதற்குக் காரணமான மரபணுக்கள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. மிச்சிகன் குடும்பத்தின் மரபணுவும் 1996-ஆம் ஆண்டில் தெரிந்தது.

நம் பக்கத்திலும் இவ்வேலை நடந்திருக்கிறது. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் 1948-ஆம் ஆண்டிலேயே நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியவர் டாக்டர் எம். விசுவநாதன். அவரும், அவருடைய புதல்வர் டாக்டர் வி. மோகனும், அவர்களுடைய சகாக்களும் இத்தகைய குடும்பங்களைப் பற்றி 1985-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிற்காலத்தில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தில் டாக்டர் ராதா வெங்கடேசன் முதலியோர் மரபணுவையே சோதித்தார்கள். அச்சோதனைகளில் ஒரு முக்கியமான பாடம் கிடைத்தது. இந்தியாவில் இரண்டாம் வகை நீரிழிவே பலருக்கு இளமையில் வந்துவிடுகிறது; பெற்றோருக்கும் இருக்கிறது. ஆகையால் பார்வைக்கு எங்களைப் போலவே தோன்றும் குடும்பங்கள் பலவற்றில், சோதித்தபோது இந்த மரபணு மாற்றம் காணப்படவில்லை. குடும்ப வரலாறு சந்தேகத்தை எழுப்பலாம். தீர்ப்புச் சொல்வது சோதனையே.

என் கதைக்கு வருகிறேன். 24 வயது, மெலிந்த உருவம், இரத்தத்தில் சர்க்கரை மிகுதி. இவற்றைக் கண்ட வைத்தியர் முதல் வகை என்று முடிவு செய்தார். அன்றைய நிலையில் அது தவறான ஊகம் என்று நான் சொல்ல மாட்டேன். நாள்தோறும் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொண்டேன். 14 ஆண்டுகளில் பத்தாயிரம் ஊசிகளுக்கு மேல் ஆகிறது. நானும் குடும்ப வரலாற்றை அவரிடம் விரிவாகச் சொல்லவில்லை. அவர் கேட்டபொழுது, "வீட்டில் எல்லாருக்கும் உண்டு, சகஜந்தான்" என்றேன்.

பிறகு எர்ணாகுளத்தில் வேறொரு வைத்தியரிடம் போக நேர்ந்தது. அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வம்சாவளி வரையத் தொடங்கினார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுள்ளவருக்குக் கறுப்பு. பாட்டி, தகப்பனார், தமக்கை, நான் என்று கறுப்பு இறங்கி வந்தது. சித்தப்பாவுக்கும் அவருடைய மக்களுக்கும் வெள்ளை. "ஒரு தலைமுறையையும் தாண்டாமல் வருகிறது, ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வந்திருக்கிறது, எல்லாரும் மெலிந்தவர்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் உங்களுக்கு மிகக் குறைந்த இன்சுலினே போதுமாயிருக்கிறது. இதைச் சும்மா விடக்கூடாது" என்றார்.

முதலில் இரண்டு சாதாரணச் சோதனைகள். சி-பெப்டைடு என்பது, நம் கணையம் சொந்தமாக இன்சுலின் உண்டாக்குகிறதா என்று காட்டுவது, எனக்கு உண்டாக்கிக்கொண்டிருந்தது. மற்றது, பண்டகசாலை அழிக்கப்படுவதைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது, எனக்கு இல்லை. அதன் பின்னரே மரபணுச் சோதனை. அதற்குச் செலவு அதிகம். பதில் வரப் பல வாரங்கள் ஆயின. எச்.என்.எஃப்.1ஏ என்ற மரபணுவில் நோய் விளைக்கும் மாற்றம் இருப்பதாக வந்த அறிக்கையை, அலுவலகக் கோப்பைப் படிப்பதுபோல் மூன்று முறை படித்தேன்.

பெயர் தெரிந்ததனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். இந்த மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு, சல்ஃபோனில்யூரியா என்ற பழைய, விலை மலிவான மாத்திரை வகை வியக்கத்தக்க பலன் தருகிறது. முன்வாசலுக்குச் செய்தி வராவிட்டாலும், இது பின்வாசலைத் தட்டிச் சரக்கை வெளியேற்றிவிடுகிறது. 2003-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செய்த ஓர் ஆராய்ச்சியில், இரண்டாம் வகை நோயாளிகளைவிட இவர்களுக்கு அம்மாத்திரையால் ஏறத்தாழ நான்கு மடங்கு சர்க்கரை குறைந்தது. வைத்தியர் என் இன்சுலினைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் நிறுத்தி, சிறிய மாத்திரை ஒன்றில் பாதியைக் கொடுத்தார். எட்டு ஆண்டுகளாக அதில் இருக்கிறேன்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லாவிட்டால் நான் பாவம் செய்தவனாவேன். இப்பேச்சைக் கேட்டு ஒருவரும் தாமாக இன்சுலினை நிறுத்திவிடக்கூடாது. முதல் வகை நோயாளி இன்சுலினை நிறுத்தினால், சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரிடும். சோதனை முடிவும் வைத்தியரின் மேற்பார்வையும் இருந்ததால்தான் எனக்கு அது இயன்றது. என்னைப் போன்றவர்களிலும் சிலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல மறுபடியும் இன்சுலின் தேவைப்படலாம்.

ஒவ்வொரு மரபணுவுக்கும் முறை வேறு. குளூக்கோகைனேஸ் என்ற மரபணுவில் பழுதிருந்தால், சர்க்கரை பிறந்ததிலிருந்தே சற்று உயர்ந்து, அங்கேயே நின்றுவிடுகிறது. கர்ப்ப காலம் நீங்கலாக, பெரும்பாலோருக்கு மருந்தே வேண்டியதில்லை. வேறொரு மரபணுவாயின் சிறுநீரகத்தில் கட்டிகளும் சேர்ந்து வருகின்றன. எல்லாவற்றையும் சர்க்கரை என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்த்துவிட்டு ஒரே மருந்தைக் கொடுத்தால், ஒருவருக்கு மருந்து மிஞ்சும், மற்றொருவருக்குப் போதாது.

மாத்திரைக்கு மாறியதால் நோய் போய்விடவில்லை. அந்தச் சிறு மாத்திரைக்கும் ஒரு குறும்பு உண்டு. சாப்பாடு தாமதித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். மாறிய புதிதில் ஒரு நாள் மாலை, படகுக்காக வரிசையில் நின்றிருந்தேன். பகலுணவு சரியாக உண்ணவில்லை. கை நடுங்கிற்று, வியர்த்தது, எதிரே இருந்த பலகையில் எழுதியிருந்த ஊர்ப் பெயரைப் படிக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற மீன்கார அம்மையார் என் முகத்தைப் பார்த்து, கேள்வி ஒன்றும் கேட்காமல், எதிர்க் கடையிலிருந்து சர்க்கரை மிகுதியாகப் போட்ட தேநீர் வாங்கிக் கொடுத்தார். அவர் கணவருக்கும் சர்க்கரையாம். அன்றுமுதல் என் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று எப்பொழுதும் இருக்கும். மயக்கம் வருவதுபோல் தோன்றினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை உடனே சாப்பிட வேண்டும். கால் மணி நேரம் பொறுத்து மீண்டும் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். அதன் பிறகு வேளை உணவை ஒத்திப்போடக் கூடாது.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. குத்தரிசிச் சோறும், புட்டும், மரவள்ளிக்கிழங்கும் மலிந்த ஊரில் வாழ்கிறேன். எதையும் அடியோடு விடவில்லை; அளவைக் குறைத்தேன். சோற்றைக் குறைத்த இடத்தைத் தோரனும், பயறும், மீனும் நிரப்புகின்றன. ஓணத்தன்று பிரதமன் ஒரு கரண்டி உண்டு. அன்று சோறு அதற்கேற்பக் குறையும். ஆண்டுக்கு ஒருமுறை கண்ணின் உட்புறத்தைப் பரிசோதிக்கிறார்கள். சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா, பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கிறதா, இரத்த அழுத்தம் எவ்வளவு என்றும் பார்க்கிறார்கள். மரபணு வேறாயினும், கட்டுக்கடங்காத சர்க்கரை கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் செய்யும் கேடு ஒன்றேதான். என் தகப்பனாரின் வலக்கண் அதற்குச் சாட்சி.

சொல்லத் தயங்கிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் தமக்கைக்கு நோய் தெரிந்தபொழுது, அவர் புகுந்த வீட்டில் அதை மறைத்தோம். எங்களுக்குப் பின்னால் இன்னொரு பெண் கல்யாணத்துக்கு இருந்தாள். குடும்பத்தின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். தமக்கை சமையலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இன்சுலின் போட்டுக்கொள்வார். "கோடாலித் தைலம் தடவிக்கொள்கிறேன்" என்று சொல்லுவாராம். வெளியில் சகஜம் என்று சொல்லிக்கொண்டே, உள்ளே வெட்கத்துக்குரியதாக நாங்கள் நடத்திய வியாதி இது. என் அறிக்கை வந்த பிறகு அவரும் சோதித்துக்கொண்டார், அதே மாற்றம். தம் கணவரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினார். அத்தான் படித்துவிட்டு, "இதற்காகவா இருபது வருஷம் கதவைச் சாத்தினாய்?" என்று மாத்திரம் கேட்டாராம்.

இனி என் மகள். அவளுக்கு வயது 16. தாய் தந்தையரில் ஒருவருக்கு இந்த மாற்றம் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்கும் வராமல் போவதற்கும் சமமான வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டுவது போல. ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாகச் சுண்ட வேண்டும். அவளுக்கு இன்றுவரை சர்க்கரை இல்லை. சோதித்துவிடலாமா என்று நான் கேட்டேன். என் மனைவிக்குச் சம்மதமில்லை. "இன்றைக்கு ஒரு காகிதம் வந்தால், நோய் வருமுன்னே அவளை நோயாளி ஆக்கிவிடுவோம்" என்றாள். அதிலும் நியாயம் இருந்தது. என் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பதினான்கு ஆண்டுகள் வேறு பெயரோடு வாழ்ந்தவன் நான்.

வைத்தியர், மகளையே எதிரில் அமர்த்திப் பேசினார். நோய்க்குறி இல்லாத பிள்ளைக்கு மரபணுச் சோதனையில் அவசரம் இல்லை என்றார். ஆண்டுதோறும் சர்க்கரையைப் பார்த்துவந்தால், தொடக்கத்திலேயே பிடித்துவிடலாம். இன்ன மரபணு என்று தெரிந்த குடும்பமாகையால், வந்த அன்றே எந்த மருந்து என்றும் தெரியும் என்று விளக்கினார். மகள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாள்: "வருஷா வருஷம் இரத்தம் கொடுக்கிறேன், அப்பா. அந்தப் பெரிய சோதனையைப் பதினெட்டு வயதுக்குப் பிறகு என் கையெழுத்தைப் போட்டு நானே கேட்கிறேன்." நானும் என் மனைவியும் அதன்பின் இதைப் பற்றி விவாதிக்கவில்லை. அவ்வம்சாவளித் தாள் என் மேசை அறையில் இருக்கிறது. அதில் அவளுடைய வட்டம் நிரப்பப்படாமல் இருக்கிறது. நிரப்புவதோ, அப்படியே விடுவதோ அவள் உரிமை.

நேயர்களே, இந்த வகை நீரிழிவு உங்கள் வீட்டில் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. நீரிழிவு உள்ளவர்களில் மிகச் சிலருக்கே இது உண்டு. ஆனால், 25 வயதுக்குள் நோய் தோன்றியவர், பருமன் இல்லாதவர், தாய்வழியாகவோ தந்தைவழியாகவோ மூன்று தலைமுறை இடையறாமல் நோய் இறங்கி வந்தவர், இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை வைத்தியரிடம் போகும்பொழுது ஒரு வெள்ளைத் தாளைக் கையில் கொண்டுபோங்கள். யார் யாருக்கு, எந்த வயதில் வந்தது, அப்போது உடல் எப்படி இருந்தது என்று எழுதிக்கொண்டுபோங்கள். "எங்கள் வீட்டில் சகஜம்" என்று சொல்லி அங்கே நிறுத்திவிடாமல், "அப்படியானால் இது எந்த வகை?" என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

என் தகப்பனாருக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்டுத் தரவில்லை. அவருக்காக இன்று நான் உங்களிடம் கேட்டுவைக்கிறேன்.